கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கிறோம்... பைக்கை?

தெருமுனைக் காய்கறிக் கடையில் கால் கிலோ கத்திரிக்காய் வாங்குகிற மனிதரைக் கவனித்திருக்கிறீர்களா? காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அமுக்கிப் பார்க்கிறார். புழு ஓட்டை இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிக்கிறார். தேங்காய் என்றால் தட்டிப் பார்த்து, காதோரம் வைத்து ஆட்டுகிறார். செருப்புக் கடையில் இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடக்கிறார். புடவைக் கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ‘வேற டிசைன் இல்லியா?’ என்று கேட்கிற இனம் நாம்.

அதே மனிதர் ஒன்றேகால் லட்ச ரூபாய் கொடுத்து பைக் வாங்குகிற அழகைப் பாருங்கள். ஷோரூமுக்குள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிற வண்டியில் ஏறி உட்காருகிறார். ஹாண்டில்பாரை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்புகிறார். பிறகு இரண்டே இரண்டு கேள்விகள். ‘மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?’, ‘ப்ளூ கலர் இருக்கா?’. சேல்ஸ்மேன் ஒரு நம்பர் சொல்கிறார். அட்வான்ஸ் கை மாறுகிறது. சாவி கொடுக்கிற நாளில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஷோரூம் வாசலைத் தாண்டுகிறபோதுதான் அந்த வண்டியை அவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுகிறார். அதுவும் நேராகப் பிள்ளையார் கோயிலுக்கு!

எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் செய்வதில்லை, கடைக்காரர்கள் செய்ய விடுவதில்லை, கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை.

அடுத்தவரைத் திட்டுவதற்கு முன் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2004. நிருபர் வேலை. கல்யாணமாகி நாலு மாதம். ஆபீஸ் நண்பர்கள் ஆளாளுக்கு சிபாரிசு செய்ததில் ஒரு 150 சிசி பைக் மேல் எனக்கு மோகம் வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை. நண்பன் ஒருவன் ஓட்டுகிறான், அவனுக்கு நன்றாக இருக்கிறது, போதாதா? ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய், பாதி கடன். வண்டி பார்க்கப் பிரமாதம். பின் சீட் உயரமாக, முன்பக்கம் சரிந்து, சின்னதாக இருக்கும். அதுதான் ஸ்டைல்.

மனைவி புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருவாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் சறுக்கிக்கொண்டு வந்து என் முதுகில் மோதுவாள். ‘கெட்டியாப் பிடிச்சுக்க’ என்பேன். மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம், வெள்ளைக்கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் வண்டி தூக்கிப்போட்டது. நான் வண்டியில் இருந்தேன். அவள் ரோட்டில் இருந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. என் வண்டியில் எல்லாமே இருந்தது. அவள் உட்காருவதற்கு இடம்தான் இல்லை.

கட்டுப் போட்ட கையோடு அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ‘வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒருதடவ பின்னாடி உக்கார வெச்சுப் பாத்திருக்கலாம்ல?’

பதினோராவது மாதம் அந்த வண்டியை முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்றேன். பி.காம் படித்தவன் என்பதால் நட்டத்தைச் சரியாக எழுதி வைத்திருக்கிறேன். பதினேழாயிரம் ரூபாய், கடனுக்கு வட்டி தனி, ஒரு மணிக்கட்டு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது மோசமான வண்டி இல்லை. இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எங்களுக்குப் பொருந்தாத வண்டி, அவ்வளவுதான். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இருபது வருடத்தில் நாடு மாறியிருக்கும் என்று நினைத்தேன். சமீபத்தில் என் அண்ணன் மகள் அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தாள்.

சிறுசேரியில் வேலை, தாம்பரத்தில் வீடு. பைக் வாங்கவேண்டும். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. ‘பொண்ணுதானே, ஸ்கூட்டி வாங்கிக்கலாமே’ என்று இலவச ஆலோசனை சொன்னவர்களை எல்லாம் சமாளித்துவிட்டு என்னிடம் வந்தாள். ‘சித்தப்பா, அஞ்சு வண்டி ஷார்ட்லிஸ்ட் பண்ணியிருக்கேன். அஞ்சையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். கூட வர்றீங்களா?’ என் அனுபவம் தெரிந்துதான் கேட்டாள். இரண்டு சனிக்கிழமை, ஐந்து ஷோரூம்.

முதல் ஷோரூம். ‘டெமோ வண்டி சர்வீஸ்ல இருக்கு சார். அடுத்த வாரம் வாங்க.’ அடுத்த வாரமும் போனோம். அப்போதும் சர்வீஸில்தான் இருந்தது. புது வண்டி விற்கிற கடையில் ஒரு டெமோ வண்டியைப் பத்து நாளாக ரிப்பேர் செய்கிறார்கள் என்றால் அந்த வண்டியை நம்பி எப்படி வாங்குவது?

இரண்டாவது ஷோரூம். வண்டி இருந்தது. பெட்ரோல் இல்லை. வாங்கி ஊற்றினார்கள். ‘அந்த கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடுங்க மேடம்’. கேட் எண்பது அடி தூரத்தில் இருந்தது. இரண்டாவது கியர் போடுவதற்குள் கேட் வந்துவிடும். இதற்குப் பெயர் டெஸ்ட் ரைடு!

மூன்றாவது ஷோரூம். சேல்ஸ்மேன் சாவியை என்னிடம் நீட்டினார். ‘சார், நீங்க ஓட்டிப் பாருங்க. மேடம் பின்னாடி உக்காரட்டும்.’ ‘வண்டி எனக்குங்க’ என்றாள் இவள். உடனே, ‘லைசென்ஸ் இருக்கா மேடம்?’ என்று கேட்டார். லைசென்ஸ் கேட்டது சரியான காரியம். ஆனால் என்னிடம் சாவியை நீட்டும்போது அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லையே, ஏன்? மீசைதான் லைசென்ஸா?

நாலாவது ஷோரூம். முதலில் இரண்டாயிரம் ரூபாய் கட்டி புக் பண்ணவேண்டுமாம். அப்புறம்தான் ஓட்டிப் பார்க்கலாமாம். ‘பிடிக்கலேன்னா?’ ‘கேன்சலேஷன் ஐந்நூறு பிடிச்சுக்கிட்டு மீதியைக் குடுத்துடுவோம்.’ கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகு பெண் பார்க்க வரச் சொல்கிற கதை.

ஐந்தாவது ஷோரூமைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் இது ஏன் இப்படி என்று யோசித்தால் ஒரு பழைய காரணம் தெரிகிறது. 1991-க்கு முன்பு, லைசென்ஸ்-பர்மிட் காலத்தில், ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் அப்பாக்கள். பஜாஜ் சேத்தக் அலாட்மென்ட் ஆகிவிட்டது என்று கடிதம் வந்தால் தெருவுக்கே காபி. அந்த அலாட்மென்டைக் கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு. அப்படிக் கிடைத்த வண்டியை ‘ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?’ என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கிடைத்ததே அதிர்ஷ்டம்.

வரிசை போய்விட்டது. வரிசையில் நின்ற பவ்யம் மட்டும் போகவில்லை. இன்றைக்கு ஒரே தெருவில் ஏழு கம்பெனிக்காரர்கள் நம் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நாம் இன்னும் கைகட்டிக்கொண்டு, ‘டெலிவரி எப்போ சார் கிடைக்கும்?’ என்று கேட்கிறோம்.

இத்தனைக்கும் நாம் எந்த ஊர்க்காரர்கள்? 1955-லிருந்து என்ஃபீல்டு வண்டிகளோடு சம்பந்தப்பட்ட ஊர் சென்னை. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. ஓசூர் என்றாலே டி.வி.எஸ். ஒரகடம், வல்லம் வடகால் என்று சென்னையைச் சுற்றி பைக் தொழிற்சாலைகள். பைக் தயாரிக்கிற மாநிலத்தில் பைக்கை எண்பது அடி தூரம்தான் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் என்ன நியாயம்?

ஷோரூம்காரர்கள் தரப்பில் சொல்லப்படுகிற பதில்களையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று: ‘காலேஜ் பசங்க சும்மா ஜாலிக்கு வந்து ஓட்டிட்டுப் போயிடறாங்க சார். வீலிங் பண்றாங்க, கீழ போட்டுடறாங்க.’ உண்மைதான். வாங்குகிற எண்ணமே இல்லாமல் வந்து, ஓசி பெட்ரோலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் நிஜமாக வாங்க வருகிறவருக்கும் சந்தேகப் பார்வை கிடைக்கிறது. ஆனால் இதற்கு வழியா இல்லை? லைசென்ஸ் நகல் வாங்குங்கள். கையெழுத்து வாங்குங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாவி தராதீர்கள். இன்னொரு வண்டியில் ஓர் ஆள் கூட வரட்டும். புடவைக் கடையிலும்தான் வாங்காமல் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்காக எந்தப் புடவைக் கடையாவது புடவையைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்து ‘வெளியிலிருந்து பாருங்க’ என்கிறதா?

இரண்டு: ‘ஸ்பெஸிஃபிகேஷன் எல்லாம் ப்ரோஷர்ல இருக்கே சார்.’ இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சீட் உயரம் 805. காகிதத்தில் வித்தியாசம் வெறும் 20 மில்லிமீட்டர், அதாவது இரண்டு சென்டிமீட்டர். ஆனால் முன்னதன் எடை ஏறக்குறைய 112 கிலோ, பின்னது 195 கிலோ. கூடவே சீட்டின் அகலம். சீட் அகலமானால் தொடை விரிந்து, தரையைத் தொடவேண்டிய கால் இன்னும் மேலே போய்விடும். எந்த வண்டி நல்லது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டுமே லட்சக்கணக்கானவர்கள் விரும்பி ஓட்டுகிற வண்டிகள். ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள ஒருத்தி, சரிவான ரயில்வே மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது அந்த எடையைத் தாங்க முடியுமா என்பதை எந்த ப்ரோஷரும் சொல்லாது. அவள் கால்தான் சொல்லவேண்டும்.

மூன்று: ‘யூ டியூப்ல ரிவியூ பாத்துக்கோங்க சார்.’ ரிவியூ பார்ப்பது நல்லதுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தம்பி ஆறடி உயரம். கம்பெனி கொடுத்த பளபள வண்டி. காலியான மலைப்பாதையில் காலை ஆறு மணிக்கு ஓட்டுகிறார். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு வேளச்சேரியில், பின்னால் மனைவி, முன்னால் பை, இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையோடு ஓட்டப்போகிறீர்கள். அவர் சொல்வது அவர் உடம்புக்கு உண்மை. உங்கள் முதுகுவலிக்கு அவர் பொறுப்பில்லை.

அடுத்து, நம்முடைய குலதெய்வமான மைலேஜுக்கு வருவோம். பி.காம் படித்ததற்கு ஒரு கணக்காவது போடவேண்டாமா?

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தருகிற வண்டி ஒன்று. 50 தருகிற வண்டி ஒன்று. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். முதல் வண்டிக்கு சுமார் 13.3 லிட்டர், இரண்டாவதற்கு 16 லிட்டர். வித்தியாசம் 2.7 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 270 ரூபாய். நாளைக்கு ஒன்பது ரூபாய். ஒரு டீக்குக் காணாது! இந்த ஒன்பது ரூபாய்க்காக உடம்புக்கு ஒவ்வாத வண்டியை வாங்கிவிட்டு, அடுத்த ஐந்து வருடம் இடுப்புக்குத் தைலமும் பிசியோதெரபிக்கு ஃபீஸும் கட்டுகிறோம். மைலேஜ் பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற டெலிவரி பையனுக்கு அது சோற்றுப் பிரச்னை. ஆனால் அவருக்குத்தான் முதுகும் அதிகம் முக்கியம். நாள் முழுக்க அந்த சீட்டில் உட்காருகிறவர் அவர்தான். தவிர, கம்பெனி சொல்கிற மைலேஜ் என்பது ஆய்வுக்கூடத்தில், உருளை மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்த எண். அந்த உருளையில் சிக்னலும் கிடையாது, மாடும் கிடையாது.

இன்னொரு கணக்கு. ‘பிடிக்கலேன்னா வித்துடலாம்’ என்று சுலபமாகச் சொல்கிறோம். பெரும்பாலானவர்கள் கடனில் வாங்குகிறோம். ஒரு லட்சம் கடன், மூன்று வருடம், ‘பத்து பர்சென்ட்தான் சார்’ என்கிறார்கள். அது ஃப்ளாட் ரேட் என்றால் வட்டி முப்பதாயிரம். மாதத் தவணை 3,611 ரூபாய். நீங்கள் அசலை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் நிஜ வட்டி ஏறக்குறைய 18 சதவிகிதம். ஒரே வருடத்தில் பிடிக்காமல் வண்டியை விற்றால், வண்டியின் விலை விழுந்திருக்கும், கடன் பாதிகூடக் குறைந்திருக்காது. ஓட்டிப் பார்க்காத அரைமணி நேரத்தின் விலை இது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளை எழுதியவர்கள், பதிவு செய்யப்படாத வண்டியை டீலர் தன் வியாபாரச் சான்றிதழை வைத்து எதற்கெல்லாம் ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் வாங்க வருகிறவருக்கான ‘நியாயமான சோதனை ஓட்டம்’ ஒன்று. கவனியுங்கள், ‘நியாயமான’. எண்பது அடியை எந்த நீதிபதியும் நியாயம் என்று சொல்லமாட்டார். டீலர் கட்டாயம் ஓட்டிப் பார்க்கத் தந்தே தீரவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, அனுமதிதான் கொடுக்கிறது. கட்டாயமாக்கவேண்டியது சட்டத்தை விட முதலில் நாம்தான். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்கிறது. ஒரு பைக்கின் தரத்தை ஓட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வதாம்?

உரிமை என்பது கேட்கிற வரைக்கும்தான். அதே மோட்டார் வாகன விதிகளில் புது இருசக்கர வண்டியோடு தரச்சான்று பெற்ற ஹெல்மெட் தரப்படவேண்டும் என்றும் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் கேட்டு வாங்கினீர்கள்?

நாம் கேட்காவிட்டால் எதுவரை போவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 ஜூலையில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் 499 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யச் சொன்னது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்ததாக அறிவித்தது. செப்டம்பரில் விற்பனையைத் திறந்து, இரண்டு நாளில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றதாகச் சொன்னது. வாடிக்கையாளர்களை ஓட்டிப் பார்க்க அழைத்தது எப்போது தெரியுமா? நவம்பரில். படத்தைப் பார்த்து முன்பணம் கட்டியவர்களின் வரிசை அது. கம்பெனியை மட்டும் குறை சொல்வானேன்? கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கிற நாம்தானே அந்த வரிசையில் நின்றோம்?

இதை ஏதோ சொகுசு பிரச்னை என்று யாரும் நினைக்கவேண்டாம். மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவர்கள் எல்லாம் டெஸ்ட் ரைடு போகாததால் இறந்தார்கள் என்று உளறமாட்டேன். ரோடு, வேகம், குடி, ஹெல்மெட் என்று நூறு காரணங்கள். ஆனால் அவசரத்தில் பிரேக் எவ்வளவு அழுத்தினால் பிடிக்கும், கால் எங்கே ஊன்றும், திடீரென்று ஒடித்தால் வண்டி எப்படித் திரும்பும் என்று தெரியாமல் ஒரு புது வண்டியில் ஏறி அண்ணா சாலைக்குப் போவது எந்த வகை புத்திசாலித்தனம்? 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கை 2019 ஏப்ரலில் அரசு கட்டாயமாக்கியது. அந்த பிரேக் வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். அதுவரை அனுபவித்திராதவர் பயந்து பிரேக்கை விட்டுவிடுவார். முதன்முதலாக அதைத் தண்ணி லாரிக்குப் பின்னால் தெரிந்துகொள்ளவேண்டுமா?

சரி, எப்படி ஓட்டிப் பார்ப்பது? இரண்டு சனிக்கிழமையில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடத்தில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய வண்டியில் ஊறிப்போன கைக்கு எந்தப் புது வண்டியும் முதலில் விநோதமாகத்தான் இருக்கும், அல்லது சொர்க்கமாக இருக்கும். இரண்டுமே பொய். அரைமணி நேரம் கேளுங்கள்.

முடிந்தவரை ஒரே நாளில், ஒரே மாதிரி ரோட்டில் வண்டிகளை ஓட்டுங்கள். போன வாரம் ஓட்டிய வண்டியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இந்த வார வண்டியோடு ஒப்பிடமுடியாது. இறங்கியவுடன் நாலு வரி எழுதி வையுங்கள். கடைசி வண்டியை ஓட்டிய பிறகு, முடிந்தால் முதல் வண்டியை மறுபடி ஓட்டுங்கள். அபிப்பிராயம் தலைகீழாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வேகமாக ஓட்டிப் பார்க்கவேண்டாம், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நம் ஊரில் வண்டி பாதி நேரம் நடக்கிற வேகத்தில்தான் போகிறது. இரண்டாவது கியரில் ஊர்ந்தால் திணறுகிறதா? குறுகலான தெருவில் ஒரே மூச்சில் யூ டர்ன் அடிக்க முடிகிறதா? சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சூடு காலைச் சுடுகிறதா? ஸ்பீடு பிரேக்கரில் முதுகெலும்பு என்ன சொல்கிறது?

இறங்கியும் பாருங்கள். வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டுப் பாருங்கள். தினமும் காலையில் வீட்டு வாசலில் செய்யப்போகிற வேலை அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் தினமும் யார் உட்காரப்போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியோ, அம்மாவோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ. அவர் இல்லாமல் எடுக்கிற முடிவு பாதி முடிவு. எனக்கு இது ஒரு மணிக்கட்டு செலவில் புரிந்தது.

இப்போது ஐந்தாவது ஷோரூம்.

லைசென்ஸ் நகல் வாங்கினார்கள். ஒரு ஃபாரத்தில் கையெழுத்து. ஹெல்மெட் கொடுத்தார்கள். என் மனைவியும் அன்றைக்குக் கூட வந்திருந்தாள். ‘ரெண்டு பேருமே போய்ட்டு வாங்க மேடம்’ என்றார் மேனேஜர். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் இன்னொரு வண்டியில் பின்னால் போனார். போவதற்கு முன் அவர் இவளிடம் சொன்னது: ‘அவசரமே இல்லம்மா. நல்ல ரோட்ல போகாதீங்க. மோசமான ரோடாப் பாத்துப் போங்க.’ இருபது வருடத்தில் ஷோரூமில் நான் கேட்ட மிகச் சிறந்த விற்பனைப் பேச்சு இதுதான்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தாள். முகம் தொங்கியிருந்தது. ஆசை ஆசையாக முதலிடத்தில் வைத்திருந்த வண்டி அது. ‘மேம்பாலத்து சரிவுல நிறுத்தினா கால் எட்டல சித்தப்பா. ரெண்டு தடவ சாயப் பாத்துச்சு.’ மேனேஜர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ‘நல்லவேளை இப்பவே தெரிஞ்சுதே மேடம்’ என்றார். அதே கம்பெனியின் உயரம் குறைந்த, எடை குறைந்த இன்னொரு மாடலை எடுத்து வரச்சொன்னார். மறுபடி அரைமணி நேரம். பின் சீட்டிலிருந்து இறங்கிய என் மனைவி, ‘இது சறுக்கல’ என்று இரண்டே வார்த்தை சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வண்டியைத்தான் வாங்கினாள். அவள் போட்ட பட்டியலில் அந்த மாடலே இல்லை.

பி.காமில் ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாத, ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் மதிப்புப் போடுகிற சொத்து. பரீட்சைக்காகப் படித்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரமும் செலவழித்து அந்த மேனேஜர் ஒரு வண்டி விற்றார். இவள் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர் இப்போது அதே கடைக்குப் போகப்போகிறார்கள். எண்பது அடி கேட் வைத்திருக்கிற புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிரிக்கெட் வீரருக்கும் சினிமா ஸ்டாருக்கும் விளம்பரத்துக்காகக் கோடிகளைக் கொட்டுகிறீர்கள். அதில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, ஒவ்வொரு ஷோரூமிலும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு டெமோ வண்டி, ஓடுகிற நிலையில், பெட்ரோலோடு நிறுத்துங்கள். ‘அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம், பணம் கட்டவேண்டாம், பின்னால் உட்காருபவரையும் அழைத்துவாருங்கள்’ என்று வாசலில் போர்டு வையுங்கள். உங்கள் வண்டி மேல் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் இதில் என்ன பயம்?

நமக்கு அதைவிடச் சின்ன வேலை. ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டுவதில்லை என்று ஒரே ஒரு முடிவு. ‘டெமோ வண்டி இல்லை’ என்றால், ‘அப்போ வந்ததும் போன் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இப்படி மாதம் பத்து பேர் எழுந்து போனால் பதினோராவது ஆளுக்கு வண்டி தானாக சர்வீஸிலிருந்து வந்துவிடும்.

ஷோரூமுக்குள் நுழைந்ததும் என்ன கலர் இருக்கிறது என்று கேட்காதீர்கள். கலரெல்லாம் அப்புறம். முதலில் சாவி.